கல்பாசி மூட்டையில் வந்த தேவாங்கு

காலை ஐந்து நாற்பது. மருந்துக்கடை வாசலில் சாக்கு விரித்துக் கொட்டியிருந்த கல்பாசிக் குவியலில் ஒரு கொத்து மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடைசிப் பக்கம் அச்சுக்கு இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவிட்டுப் புறப்படுவது என் வேலையில் ஒன்று. அன்று ஐந்து பத்து என்று குறித்தேன். லத்தா பேட்டையின் ஓரத்தில் இருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து ஆற்றோரப் போட்டாதாங்கில் எங்கள் சந்துக்கு அரை மணி நடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ரங்கூனில் தமிழ்த் தினசரி ஒன்றுக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். இரவெல்லாம் வேலை, காலையில் தூக்கம். ஐந்து ஆண்டுகளில் அந்த ஊரின் பகலை நான் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் அதன் விடியலை என்னைப் போலப் பார்த்தவர்கள் குறைவு. சீனர்களின் தேநீர்க்கடையில் அடுப்பு பற்றும் கரிப்புகை, முதல் டிராம் பணிமனையிலிருந்து கிளம்பும் உலோகச் சத்தம், ஆற்றுப்பக்கம் திரும்பியதும் முகத்தில் படும் ஈரக்காற்று, அதில் நெல் ஆலைத் தவிட்டின் வாசனை. இன்றும் எங்காவது தவிடு மணந்தால் எனக்குக் கால்கள் போட்டாதாங் பக்கம் திரும்புகின்றன.

அந்த நடையில் எப்போதும் கூட வருபவர் எங்கள் கம்பாசிட்டர். எழுத்துக் கோப்பவர்களில் அவர்தான் வேகமானவர். முப்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் குடியிருந்தார். அதே கட்டடத்தின் மாடியில் நானும் இன்னும் மூன்று பிரம்மச்சாரிகளும். அரை மணி நடையில் அவர் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த வாரம் மட்டும் தினமும் பேசினார், ஒரே விஷயத்தை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பக்கத்துச் சந்தில் ஓலைக்கூரை வீடுகள் எரிந்தன. அவருடைய மகள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் முதல் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அலறினாள். அரை மணி, சில நாள் ஒரு மணி. தாயார் ஒண்டியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தூக்கம் போய், கன்னம் ஒட்டிவிட்டது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அந்தத் தாயின் அண்ணன், தீபாவளி கழிந்து மூன்று வாரத்தில் புறப்படும் நாகப்பட்டினம் கப்பலில் தாய்க்கும் மகளுக்கும் டெக்கில் இடம் எழுதி வைத்துவிட்டார்.

"போயிட்டு வரட்டும். ஊர்க்காத்து பட்டா சரியாப் போகும்," என்றேன்.

"போயிட்டு வர்றது இல்லைய்யா. போறது மட்டுந்தான். 'புள்ளைக்குத் தெளிஞ்சா இருக்கேன், தெளியலைன்னா போறேன், போனா வரமாட்டேன்'னு சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான் அவ."

புரூப் படிப்பவரைப் போல ஏற்ற இறக்கம் இல்லாமல் இதைச் சொன்னார். தீபாவளிக்கு அப்போது நான்கு நாள் இருந்தது.

கடைக்காரர் காயல்பட்டினத்து முஸ்லிம். பதினான்கு வயதில் ரங்கூன் வந்து, ஐம்பது வயதில் ஊரை விட ரங்கூனை நன்றாக அறிந்தவர். சுக்கு, திப்பிலி, கடுக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் விற்பார். மழை முடிந்ததும் ஷான் மலையிலிருந்து அவருக்கு ரயிலில் கல்பாசி வரும். மரங்களின் பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் அந்தச் சாம்பல் நிறப் பொருளை நம் வீடுகளில் கறிக்குழம்பில் போடுகிறோம் அல்லவா, அதேதான். அதே என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அவர் லாந்தரை உயர்த்திப் பிடித்தார். "வாங்க பத்திரிகைக்காரரே. மூட்டையை அவுத்தா முழிக்குது. இது என்ன சரக்குன்னு நீங்க சொல்லுங்க."

"உங்க மூட்டை. நீங்கதான் சொல்லணும்."

"நான் கல்பாசிதான் கேட்டு எழுதினேன். கண்ணு வச்ச கல்பாசி கேக்கலையே."

ஒரு மரப்பட்டைத் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தது அது. உடம்பெல்லாம் சாம்பலும் பழுப்புமான அடர்ந்த மயிர். வால் இல்லை என்றே சொல்லலாம். லாந்தர் வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்தது. முகத்தின் அளவுக்கு அந்தக் கண் பெரிது. பிறகு, அவசரமே இல்லாமல், மூடிக்கொண்டது.

கம்பாசிட்டர் குந்தி உட்கார்ந்தார். "தேவாங்கு," என்றார், கோயிலில் பேசுவது போல. "மொதலாளி, இது தேவாங்கு. எனக்கே சின்ன வயசுல இதுகிட்ட கயிறு வாங்கிக் கட்டியிருக்காங்க."

எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் சந்தை நாளில் ஒரு குச்சியின் நுனியில் தேவாங்கை உட்கார்த்திக்கொண்டு ஒரு ஆள் வருவான். கறுப்புக் கயிற்றை அதன் கையில் கொடுத்து, அது பிடித்துவிட்ட கயிற்றைக் குழந்தையின் கையில் கட்டினால் பயம் தெளியும். எங்கள் மூவரில் அப்படிக் கயிறு கட்டாத கை எதுவும் இல்லை.

எதிர்ச் சாரியில் மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மியப் பெண்மணி குழம்புப் பானைக்கு அடியில் தீ மூட்டிக்கொண்டிருந்தார். சந்து முழுவதும் அவரை 'அமா' என்றுதான் கூப்பிடும். பர்மியர்கள் அக்காவை அப்படி அழைப்பார்கள். அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

"மக்கௌங்பூ, மக்கௌங்பூ! நல்லதில்ல! தொடாதே கம்பாசிட்டர். இந்த மியாவுக், கொரங்கு, கடிச்சா கை போச்சு. எங்க அப்பா ஊர்ல மரம் வெட்ட போற ஆளுங்க இதைப் பாத்தா அந்த மரம் வேணாம்னு வந்திடுவாங்க."

"அமா, உங்க ஆளுங்களுக்கு எதைக் கண்டாலும் பயம்," என்றார் கடைக்காரர். "எங்க ஊர் தேவாங்கு எறும்பைக்கூட அனுமதி கேட்டுட்டுத்தான் திங்கும்."

"உங்க ஊர்தா?" அமா அகப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "கப்பல்ல வந்துச்சா, ரயில்ல வந்துச்சா?"

நாங்கள் சிரித்தோம். கடைக்காரர்தான் பலமாகச் சிரித்தார். கோழிக்கூடை ஒன்றைக் கவிழ்த்து அதைப் பட்டைத் துண்டோடு கடையின் பின்கட்டுக்குத் தூக்கிச் சென்றார். மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஆள் அடுத்த முறை வரும்போது திருப்பி அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

அடுத்த மூன்று நாளும் வேலைக்குப் போகுமுன் மாலையில் அதன் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் எனக்கு அரைப் பத்தி இடம் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரே மூட்டையில் வந்த இரண்டு சரக்கை ஒப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது. குறிப்பேட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் தேவாங்கு, வலப்பக்கம் கல்பாசி என்று எழுதிக்கொண்டேன்.

முதலில் எடை. கூடையோடு நிறுத்துக் கூடையின் எடையைக் கழித்தோம். அதே எடைக்குக் கல்பாசி போட்டால் அரைச் சாக்கு நிறைந்தது. "ஒரு தேவாங்குக்கு அரைச் சாக்கு," என்றார் கடைக்காரர். "இதைக் குழம்புல போட்டா எத்தனை பேர் சாப்பிடலாம்னும் எழுதுவீங்களோ?"

நிறம் இரண்டுக்கும் ஒன்று. மயிரை விலக்கினால் அடியில் கறுப்பு, மேலே சாம்பல். கல்பாசியைத் திருப்பினாலும் அடியில் கறுப்பு, மேலே சாம்பல். இரண்டும் மரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. கல்பாசி மரத்திலிருந்து உணவு எடுப்பதில்லை, காற்றும் ஈரமும் அதற்குப் போதும் என்று படித்திருந்தேன். தேவாங்கு மரப்பட்டையைச் சுரண்டிப் பிசினை நக்கும். கூடைக்குள் வைத்திருந்த முருங்கைக் கட்டையை அது அப்படிச் செய்ததைப் பார்த்தேன். பகலில் இரண்டும் செத்தது போலக் கிடக்கும். உலர்ந்த கல்பாசி விரலுக்கிடையில் முறியும். ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் மெத்தென்று விரிந்து, சாம்பலுக்குள்ளிருந்து இலேசான பச்சை எட்டிப் பார்க்கும். தேவாங்குக்குத் தண்ணீர் வேண்டாம், இருட்டு போதும். கடையின் பின்கட்டில் வெளிச்சம் குறையக் குறைய அதன் முதுகிலுள்ள பழுப்புக் கோடு நீண்டது, கழுத்து எழுந்தது, ஒரு கை கூடையின் பின்னலைப் பிடித்தது. அந்தக் கை அடுத்த பின்னலுக்குப் போக நான் மணிக்கட்டில் நாடி பார்த்து எண்ணினேன். பதினொன்று.

வாசனையில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பச்சைக் கல்பாசியை மூக்கில் வைத்து முகர்ந்தால் பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும், அவ்வளவுதான். சூடான எண்ணெயில் விழுந்த கணத்தில்தான் அது தன் மணத்தை விடும். தேவாங்கும் சும்மா இருக்கும்போது மணப்பதில்லை. கடைக்காரர் கூடையைத் தட்டியபோது அது இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கூப்பியது. அப்போது கடுமையான ஒரு நெடி வந்தது, காரமும் புளிப்பும் கலந்தது. "இரண்டும் தொந்தரவு செய்தால்தான் மணக்கும்" என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்தது என்று அப்போது எனக்குத் திருப்தி.

கட்டுரையில் இதையும் எழுதினேன்: கைகளைத் தலைக்குமேல் தூக்கி அது நம்மைக் கும்பிடுவது போல நிற்கிறது, சாதுவான பிராணி. கடைசி நான்கு வரியில் இரண்டு செய்திகள் சேர்த்திருந்தேன். ஒன்று, ஊர்த் தேவாங்கு குச்சி போன்ற கைகால் உள்ளது, இது பருத்தது, இரண்டும் ஒரே இனமா என்பது நிச்சயமில்லை. இரண்டு, இதன் கடி கெடுதலானது என்று பர்மியர் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு பக்கம் கட்டும்போது கம்பாசிட்டர் சரிபார்க்க அடித்த 'கேலி' புரூப்போடு என் மேஜைக்கு வந்தார்.

"நாலு வரி மிஞ்சுதுய்யா. விளம்பரம் எடுக்க முடியாது. என்ன பண்ணட்டும்?"

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவது வழக்கம். அதனால்தான் முக்கியமானதை முதலிலும் முக்கியமில்லாததைக் கடைசியிலும் எழுதப் பழகியிருக்கிறோம். நான் புரூப்பை வாங்கிப் பார்க்கவும் இல்லை. "கடைசி நாலு வரியை எடுத்திடுங்க," என்றேன்.

அவர் போய், தான் கோத்த நான்கு வரியைப் பிரித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக அறைகளில் போட்டார். ஈய எழுத்து மர அறையில் விழும் சத்தத்தை என் மேஜையிலிருந்து கேட்டேன். அது எனக்குப் பிடித்த சத்தம். மழைத்தூறல் போல இருக்கும்.

கட்டுரை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமையே தீபாவளி. ஞாயிற்றுக்கிழமை இரவு எங்களுக்கு வேலை இல்லை. ஆற்றோரத்து வீடுகளில் காலையிலேயே எண்ணெய் வாசனை கிளம்பிவிட்டது. கடைக்காரருக்கு அது பண்டிகை இல்லை என்றாலும் சந்திலுள்ள எல்லாருக்கும் ஒரு கை ஏலக்காய் கொடுத்தனுப்புவார். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் இறங்கி வந்தபோது பின்கட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கம்பாசிட்டர் புது வேட்டியில், கையில் மஞ்சள் தடவிய கறுப்புக் கயிறோடு கூடையின் முன் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கடி தள்ளி நின்றார். யாரோ பட்டாசுக்குப் பயந்த நாயை வெளியே விரட்டினார்கள்.

"நீங்களும் வந்தது நல்லதாப் போச்சுய்யா," என்றார். "நீங்கதானே எழுதினீங்க, சாதுன்னு."

கூடையைத் திறந்ததும் தேவாங்கு எழுந்து உட்கார்ந்தது. கூட்டத்தைப் பார்த்தது. இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்குமேல் தூக்கியது.

"பாருங்க, கும்பிடுது!" என்று ஒரு பெண் குரல்.

"தீபாவளிக்கு ஆசீர்வாதம் பண்ணுதுடி."

கைகளைத் தூக்கியபடியே அது தலையைச் சாய்த்துத் தன் முழங்கையின் உட்புறத்தை நக்கியது. மூன்று முறை. நான் அதைப் பார்த்தேன், எண்ணினேன், அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. அது கடிக்கத் தயாராவது அப்படித்தான் என்று பிறகு அமாதான் சொன்னார். முழங்கையில் ஊறும் நீரைப் பல்லில் எடுத்துக்கொள்ளுமாம். கம்பாசிட்டர் கயிற்றை நீட்டினார்.

அது அதுவரை செய்த எதிலும் இல்லாத வேகம் அதில் இருந்தது. அவருடைய வலது கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கவ்வி, விடவில்லை. கடைக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றிய பிறகே விட்டது. கூட்டம் கலைந்து ஓடியது. கம்பாசிட்டர் அலறவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். குழந்தையும் அலறவில்லை. தாயின் தோளிலிருந்து எட்டி அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் கை முழங்கை வரை வீங்கியது. வாந்தி எடுத்தார். ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூன்று நாள் அங்கே இருந்தார். மருத்துவர் கையைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் விரல்கள் மடங்க மூன்று வாரமாவது ஆகும் என்றார். விரலில்லாத கம்பாசிட்டர் பத்திரிகைக்கு எதற்கு ஆவார் என்பதை அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் அலுவலகத்தில் பேசி மூன்று வாரத்துக்கு இடத்தை வைத்திருக்கச் சொன்னேன்.

தேவாங்கை அமாவின் தம்பி மாட்டுவண்டியில் வடக்கே கொண்டு போனார். அப்போது மிங்கலாடோன் பக்கம் நல்ல காடு. சாக்குப்பையில் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு போய், ஒரு மரத்தின் அடியில் பையை வாயவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாராம்.

கம்பாசிட்டர் வீடு திரும்பிய அன்று நான் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் கல்பாசியை அரைத்து வீக்கத்துக்குப் பூசக் கொடுத்திருந்தார். ஊரில் அப்படிப் பூசுவது உண்டு. குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு சிரட்டையில் அந்தக் கறுப்பு விழுதைக் குழைத்து, நாக்கை வெளியே நீட்டியபடி, அப்பாவின் மணிக்கட்டில் தடவிக்கொண்டிருந்தாள்.

"விரல்ல வேண்டாம் கண்ணு, மேல மட்டும்."

"பேசாம இரு. மருந்து போடறப்ப பேசக் கூடாது."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான் வெட்டச் சொன்ன நான்கு வரியில் என்ன இருந்தது என்று. 

"நான்தானே கோத்தேன்," என்றார் கம்பாசிட்டர்.

"ஆமாம்."

"நான்தானே பிரிச்சேன்."

"ஆமாம்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைய்யா. நான் எழுத்தைத்தான் பாப்பேன். 'க'வுக்கு அப்புறம் 'டி' வருதான்னு பாப்பேன். என்ன சொல்லுதுன்னு பாத்தா கை நின்னுடும்." பிறகு, என்னைத் தேற்றுவது போல, "நீங்க எழுதாம விடலை. எழுதத்தான் செஞ்சீங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு இதழில் அந்த நான்கு வரியைத் 'திருத்தம்' என்ற தலைப்பில் முதல் பக்கத்தின் மேலேயே போட்டேன். அதை வேறொருவர் கோத்தார்.

அந்தக் கல்பாசி வீக்கத்துக்கு எதுவும் செய்தது என்று நான் நினைக்கவில்லை. அது ஊர்க் கல்பாசியே இல்லை என்று எனக்குப் பின்னர் சந்தேகம் வந்தது. அதன் ஓரங்கள் கூடுதலாகச் சுருண்டிருந்தன, எண்ணெயில் போட்டால் மணம் அரைவாசிதான். கடைக்காரரிடம் சொன்னபோது, "முப்பத்தாறு வருஷமா இதைத்தான் கல்பாசின்னு விக்கிறேன். இனிமே அதுவே தன்னைக் கல்பாசின்னு நம்பியிருக்கும்," என்றார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். மலையிலிருந்து எது இறங்கி வந்தாலும் ஊரில் விட்டு வந்ததின் பெயரை அதற்கு வைத்துவிடுவோம், பெயர் வைத்ததும் குணத்தையும் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுவோம்.

ஆனால் ஒன்று நடந்தது. குழந்தை தூங்கினாள்.

முதல் இரண்டு இரவு யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் வேலையிலிருந்து வந்தபோது பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. எங்கள் கட்டடத்தில் பலகைச் சுவர், ஒரு வீட்டின் இருமல் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"நேத்தும் எழுந்திரிக்கல."

"எழுந்திரிச்சா. ஒரு தரம்," என்றார் கம்பாசிட்டர்.

"எப்ப?"

"நடுவுல. எழுந்து உக்காந்து என்னைப் பாத்தா. 'அப்பா நீ இருக்கியா'ன்னா. இருக்கேன்னேன். படுத்துட்டா."

 நான் மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன், படி கிறீச்சிடும் என்பதால்.

"அப்ப கயிறு வேலை செஞ்சுதுங்கறீங்களா?" என்றார் மனைவி.

"கயிறு அந்தச் சனியன் வாயிலேயே போயிடுச்சே."

அவர் மனைவி சிரித்தார். ஐந்து மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

இப்படி இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் பின்கட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கட்டுப்போட்ட கை மடியில். குழந்தை சிரட்டையோடு வருவாள். அமா கடைக்கு மறுநாளைக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே, "டாக்டரம்மா, எனக்கும் முழங்கால் வலி," என்பார். அவள் போய் அவர் முழங்காலிலும் கல்பாசி தடவிவிட்டு வருவாள். ஆற்றுக் காற்று வரும். ஐந்து ஆண்டில் என் ரங்கூனில் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது அந்த இரண்டு வாரந்தான். லத்தா வரை தனியாக நடந்து போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கப்பலுக்கு நான்கு நாள் இருக்கும்போது விரல்கள் மடங்கத் தொடங்கின. மருத்துவர் சொன்னதைவிடச் சீக்கிரம். அவர் அன்று இரவே வேலைக்கு வந்தார். மெதுவாகத்தான் கோத்தார், ஆனால் கோத்தார். ஐந்தேகாலுக்கு இருவரும் சேர்ந்து கிளம்பினோம். அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும்.

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் கண்ணீர்க் கோடு. காலடியில் தகரப் பெட்டி.

"பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் கத்தினா," என்றார். அவர் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அண்ணே, நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. இவரு இருந்த ராத்திரியெல்லாம் தூங்கினா. இல்லாத ராத்திரி கத்துறா. நான் இங்க இருந்தா என்ன, ஊர்ல இருந்தா என்ன? ரெண்டு எடத்துலயும் இவரு இல்லதானே? அங்க எங்கம்மாவாவது இருக்கு, மாத்திப் புள்ளைய வச்சுக்க."

 அவர் சொன்னதில் வெட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைக்காரர் பலகைக் கதவை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசிப் பலகையைச் சுவரில் சாய்த்தார். "தம்பி, பகல்ல வேலை பாக்க ஒனக்கு மனசு உண்டா?" என்றார். சுருட்டுப் பெட்டிக்கும் மருந்துப் பொட்டலத்துக்கும் லேபிள் அடிக்கும் ஒரு சிறிய அச்சகம் இரண்டு சந்து தள்ளி இருந்தது. அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏழரையிலிருந்து ஐந்து வரை. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"ஆனா அங்க தமிழ் கிடையாது வாப்பா. இங்கிலீஷும் பர்மாவும்தான்."

கம்பாசிட்டர் தன் விரல்களைப் பார்த்தார். பதினேழு ஆண்டு அந்த விரல்கள் தமிழ் கோத்திருக்கின்றன. கேஸ் என்னும் எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் 'ண'வும் எந்த அறையில் 'ன'வும் கிடக்கின்றன என்று அவை தாமாகப் போகும். பர்மிய எழுத்து அவருக்கு வட்டம் வட்டமாகத் தெரியும், அதற்குமேல் தெரியாது.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தாச்சே," என்றேன்.

"அதனால என்னய்யா? தமிழையும் நான் எங்க படிச்சேன்?"

அவர் மனைவி முதலில் சிரிக்கவில்லை. பிறகு பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். "மூணு நாள் பாக்கறேன்," என்றார். "மூணு ராத்திரி."

அவர் இனி வரமாட்டார் என்று அன்று மாலை அலுவலகத்தில் நான் போய் அவருக்காகச் சொன்னேன். அவருடைய கேஸுக்கு மறுநாளே ஆள் வைத்தார்கள். அந்த மூன்று நாளும் காலையில் தனியாக நடந்து சந்துக்குள் திரும்பும்போது அவர்கள் ஜன்னலைப் பார்ப்பேன். மூடியிருக்கும். அமா அகப்பையைத் தூக்கிக் காட்டுவார், தூங்குகிறார்கள் என்று பொருள். மூன்றாம் நாள் அமா ஒன்றும் காட்டவில்லை, பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டுக்கு நடந்து போனேன். தகரப் பெட்டியின் மேல் குழந்தையின் சட்டைகள் காயப்போட்டிருந்தன.

அன்று காலை ஏழு மணிக்கு நாகப்பட்டினம் கப்பல் துறையை விட்டது. டெக்கில் அவர்களுக்கு எழுதியிருந்த இடத்தில் வேறு இரண்டு பேர் போனார்கள்.